டெண்டர்

ஃபர்வானியாவில் வெள்ளி இரவு.
பிளாஸ்டிக் உறை போட்ட மெனு அட்டையில்
எங்களுக்கு முன் சாப்பிட்டவர்களின் எண்ணெய் விரல்கள்.
ரூபன் வாசிக்கிறான்:
எலும்பில்லாத டெண்டர் சிக்கன், ஒன்றே முக்கால் தினார்.
"கோழிக்கும் டெண்டர் விடுறாங்களா?"
நான் சிரிக்கும்வரை அட்டையைக் கீழே வைக்கவில்லை.

அவன் அறிந்த டெண்டர்
சீல் வைத்த உறையில் போவது.
கேம்ப்பில் ஆயிரத்து இருநூறு வயிறு, மூன்று வேளை,
தலைக்கு இத்தனை ஃபில்ஸ் என்று
பக்கத்துக் கம்பெனியைவிட ஐந்து குறைத்து எழுதுவது.
போன மாதம் கிடைத்ததற்குக் கேக் வாங்கிவந்தான்.
அந்த ஐந்து ஃபில்ஸ் எதில் குறைந்தது என்றேன்.
"ஆட்டில். கிழடு.
ஒரு மணி நேரம் கூட வெந்தா சரியாயிடும்."

இந்தச் சொல்லைத் தமிழில் தேடினால்
ஒரே ஆளாக வருவதில்லை.
வெண்டைக்குப் பிஞ்சு.
நுங்குக்கு இளசு.
கறியென்றால் பஞ்சு மாதிரி, பூ மாதிரி,
அல்லது ஒன்றும் சொல்லாமல்
இன்னொரு கரண்டி கேட்பது.

ஜம்இய்யாவில் வெண்டைக்காய் வாங்கும்போது
நுனியை ஒடித்துப் பார்ப்பேன்.
பட்டென்று முறிந்தால் கூடைக்கு,
வளைந்தால் குவியலுக்கே.
"ஒடிக்கக் கூடாது மேடம்" என்று ஓடிவருவான்
அங்கே அடுக்கும் வங்காளப் பையன்.
அவனுக்கு மீசை இன்னும் அரும்புகூட விடவில்லை.
பாஸ்போர்ட்டில் இருபத்திரண்டாம்.
நான் ஒன்றும் சொல்லாமல்
ஒடித்ததையெல்லாம் எடைக்குப் போட்டேன்.

என் டெண்டர் வார்டில் இருக்கிறது.
வலது அடிவயிறு, டெண்டர்
என்று நாளைக்கு நாலு முறையாவது எழுதுகிறேன்.
பொருள்: தொடாதவரை ஒன்றுமில்லை.
தொட்டால் முகம் சுருங்கும்.
அழுத்தும்போது வருவதைவிட
அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்போதுதான்
வலி எகிறும்.
படித்த காலத்தில் இதை நம்பவில்லை.
விசா அடித்து விமானம் ஏறிய பிறகு
பாடம் சுலபமாகிவிட்டது.

முந்தாநாள் வந்தவர் செல்லக்கண்ணு,
அரியலூர்ப் பக்கம், கம்பி கட்டுகிறவர்.
வயிறு பலகையாக இருந்தது.
"வலிக்குதாண்ணே?"
"இல்ல சிஸ்டர்."
எகிப்திய டாக்டர் தன் கையால் அழுத்தினார்.
அதற்கும் "லா, லா" என்று அரபியிலேயே மறுத்தார்.
லீவு போட்டால் ஒரு நாளைக்கு இரண்டு நாள் பிடிப்பார்களாம்.
அவர் வாய் ஒன்று சொன்னது.
கட்டில் கம்பியைப் பிடித்த கை வேறு சொன்னது.
நான் கையை நம்பி எழுதினேன்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகையில் கேட்டார்,
என்ன சாப்பிட்டதால் இப்படி வந்திருக்கும் என்று.
சாப்பாட்டால் வருவதில்லை என்றேன்.
நம்பவில்லை.
"ஒரு மாசமா கறி ரப்பர் சிஸ்டர்.
மென்னு மென்னு தாடைதான் தேயுது.
அப்படியே முழுங்கிடறது.
வெள்ளிக்கிழமை மட்டும்தானே போடறான்,
துப்பவா முடியும்?"

கோழி வந்துவிட்டது.
முள்கரண்டியின் முதுகால் ஒரு துண்டை அழுத்துகிறேன்.
குழி விழுந்து, சாறு ஊறி, மெல்ல நிமிர்கிறது.
"அதுக்கு வலிக்கப்போவுது" என்கிறான் ரூபன், வாய் நிறைய.

"அந்த டெண்டர்ல கறி எப்படி இருக்கணும்னு எழுதியிருக்கும்ல?"
"இருக்கும். பதினேழாம் பக்கம்.
கறி டெண்டராக இருக்க வேண்டும்னு ஒரு வரி.
அதை யாரு மென்னு பாக்கப்போறா?"

அப்போதுதான் பெயரைச் சொன்னேன்.
ஊரை. கேம்ப் நம்பரை.
ரப்பர் என்ற சொல்லையும்.

மெல்வது நின்றது.
பிறகு விழுங்கினான், அதை அப்படியே.
சர்வரைக் கூப்பிட்டு
மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொன்னான்.
"எந்த வார்டு?"

நேற்றுத்தான் வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறது.
இன்றைக்குக் கஞ்சிகூடக் கிடையாது என்றேன்.

தட்டின் விளிம்பிலிருந்து
அவன் கையை எடுத்தான்.
சட்டென்று.